காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை... சிஆர்பி மட்டும் ஏன் ஏறுது? தொப்பைக்கும் ரத்தத்தில் தெரியும் அழற்சிக்கும் என்ன தொடர்பு?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் செல்போனுக்கு வந்து விழுகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. ட்ரைகிளிசரைடு 190. இரண்டுமே எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருக்கு. 'பரவாயில்லை, சாப்பாட்டைக் குறைச்சுக்கலாம்' என்று கீழே நகர்த்தினால் தடித்த எழுத்தில் இன்னொரு வரி: சிஆர்பி 6.4. பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

சிஆர்பி என்ற பெயரை நம்மில் பலர் முதலில் கேட்டது கொரோனா காலத்தில். 'ஆக்சிஜன் எவ்வளவு, சிஆர்பி எவ்வளவு' என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்ட நாட்கள் மறக்கக்கூடியவை அல்ல. அதனால் அந்த எழுத்துகளைப் பார்த்ததுமே 'உடம்புக்குள்ள ஏதோ இன்ஃபெக்‌ஷன்' என்ற பயம் வருவது இயல்பு. சிலர் நேராக மருந்துக்கடைக்குப் போய் ஆன்டிபயாடிக் கேட்கிறார்கள். சிலர் முடக்குவாதமோ, புற்றுநோயோ என்று இரவெல்லாம் இணையத்தில் தேடுகிறார்கள்.

காய்ச்சலோ, புண்ணோ, இருமலோ எதுவுமே இல்லாத ஒருவருக்கு சிஆர்பி 3-லிருந்து 10-க்குள் இருந்தால், அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது பெல்ட்டுக்கு மேலே தெரியும் ஒன்று. தொப்பை.

சிஆர்பி என்றால் என்ன?

சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்பதன் சுருக்கம்தான் சிஆர்பி. கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் டில்லட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். நிமோனியா கிருமியின் மேலுறையிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்ற பொருளோடு சேர்ந்ததும் இது படிந்து நின்றது. அதனால்தான் அந்தப் பெயர்.

உடம்பில் எங்காவது கிருமி புகுந்தாலோ, அடிபட்டாலோ, நோயெதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூகின்-6 என்ற ரசாயனத் தூதை அனுப்பும். அது கல்லீரலை அடைந்ததும் சிஆர்பி உற்பத்தி தொடங்கும். சில மணி நேரத்தில் ஏறும், இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். ரத்தத்தில் இருக்கும் சிஆர்பியில் பாதி சுமார் 19 மணி நேரத்தில் கழிந்துவிடும். அதனால் காரணம் தீர்ந்தால் எண்ணும் வேகமாக இறங்கும்.

இங்கேதான் விஷயமே இருக்கு. இவ்வளவு சீக்கிரம் இறங்கக்கூடிய ஒரு பொருள், ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் இறங்காமல் 5, 6 என்றே நிற்கிறது என்றால் என்ன அர்த்தம்? யாரோ உள்ளிருந்து தினமும் கல்லீரலுக்குத் தூது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது ஒரு சிக்கல். சிஆர்பியில் இரண்டு வகைப் பரிசோதனை உண்டு. சாதாரண சிஆர்பி, கிருமித்தொற்று போன்ற பெரிய ஏற்றங்களைப் பார்ப்பதற்கானது. கடுமையான நிமோனியாவில் 100, 200 என்று போகும் எண் இதுதான். இதன் இயல்பு எல்லையை லேபுக்கு லேப் 5 என்றும் 6 என்றும் 10 என்றும் போடுவார்கள். இன்னொன்று ஹை சென்சிடிவிட்டி சிஆர்பி. அளக்கப்படுவது அதே புரதம்தான், ஆனால் சின்ன வேறுபாடுகளையும் துல்லியமாகக் காட்டும். இதய நோய் ஆபத்தைக் கணிக்க இதைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்க இதய சங்கமும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமும் 2003-ல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் அந்த எண்ணை வைத்து இதயத்தைப் பற்றி முடிவு கட்டக் கூடாது. முதலில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அலகையும் கவனிக்க வேண்டும். சில லேப்கள் லிட்டர் கணக்கில் தரும், சில டெசிலிட்டர் கணக்கில் தரும். டெசிலிட்டருக்கு 0.6 என்பதும் லிட்டருக்கு 6 என்பதும் ஒன்றேதான். போன வருஷம் 0.6, இந்த வருஷம் 6 என்று பார்த்துப் பத்து மடங்கு கூடிவிட்டதாகப் பதறுபவர்கள், முதலில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் படித்தால் போதும்.

கொழுப்பு சும்மா கிடக்கும் சதை இல்லையா?

1990-கள் வரை மருத்துவ உலகிலேயே பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்தார்கள். மிச்சமான சாப்பாட்டை எண்ணெயாகப் போட்டு வைக்கும் கிடங்கு, அவ்வளவுதான் என்று.

1993-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கோகான் ஹோட்டமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மேன் குழு ஒரு விசித்திரத்தைக் கண்டது. பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவிலிருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா வெளிவந்துகொண்டிருந்தது. அதுவரை கடும் தொற்றோடும் புற்றுநோயோடும் சேர்த்துப் பேசப்பட்ட அழற்சிப் பொருள் அது. அதைத் தடுத்ததும் அந்த எலிகளில் இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. அடுத்த ஆண்டே, பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் என்ற ஹார்மோனும் கொழுப்பிலிருந்துதான் வருகிறது என்று ஜெஃப்ரி ஃபிரீட்மேன் குழு கண்டறிந்தது. கொழுப்பு கிடங்கு மட்டுமல்ல, நாளெல்லாம் ரத்தத்தில் செய்தி அனுப்பும் ஓர் உறுப்பு என்று அப்போதுதான் புரிந்தது.

மனிதர்களில்? லண்டன் ஆய்வாளர்கள் 1997-ல் வயிற்றுத் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புக்குள் போகும் ரத்தத்தையும், அதிலிருந்து வெளியேறும் ரத்தத்தையும் தனித்தனியாக எடுத்து ஒப்பிட்டார்கள். வெளியே வரும் ரத்தத்தில் இன்டர்லூகின்-6 அதிகமாக இருந்தது. ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரின் ரத்தத்தில் சுற்றும் இன்டர்லூகின்-6-ல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்புத் திசுவிலிருந்து வரக்கூடும் என்பது அந்தக் கணக்கிலிருந்து வந்த மதிப்பீடு. மேலே சொன்ன, கல்லீரலைத் தட்டி எழுப்பும் அதே தூது!

1999-ல் பெரிய அளவில் சான்று கிடைத்தது. அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைப் பார்த்த ஓர் ஆய்வில், உடல் பருமன் உள்ள ஆண்களுக்கு சிஆர்பி உயர்ந்திருக்கும் வாய்ப்பு சரியான எடை உள்ளவர்களைவிட சுமார் 2 மடங்கும், பெண்களுக்குச் சுமார் 6 மடங்கும் இருந்தது. புகைபிடித்தல், வயது போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் இந்த வித்தியாசம் போகவில்லை. 20, 30 வயதுக்காரர்களிடமும் இதுவே தெரிந்தது.

தொப்பைக்குள் நடப்பது என்ன?

கொழுப்பு அணு ஒவ்வொன்றும் எண்ணெய் நிரம்பிய ஒரு குட்டிப் பை. எடை கூடும்போது அந்தப் பை விரியும். ஓர் அளவுக்கு மேல் விரிந்தால் அதைச் சுற்றியுள்ள நுண்ரத்தக் குழாய்களால் பையின் எல்லா மூலைக்கும் ஆக்சிஜனைக் கொண்டுபோக முடியாது என்பது ஒரு விளக்கம். எப்படியோ, விரிந்த அணுக்கள் நெருக்கடிக்கு உள்ளாகின்றன. சில செத்தும் போகின்றன.

செத்த அணு என்றால் அதைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள் அந்த வேலைக்கு வருகின்றன. 2003-ன் கடைசியில் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியான இரண்டு ஆய்வுகள் இதை எடுத்துக் காட்டின. ஒல்லியான உடலின் கொழுப்புத் திசுவில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் விழுங்கணுக்கள், பருத்த உடலில் 40 சதவீதம் அளவுக்குப் பெருகியிருந்தன. 2005-ல் இத்தாலிய ஆய்வாளர் சாவேரியோ சிந்தியின் குழு நுண்ணோக்கியில் பார்த்தபோது, இந்த விழுங்கணுக்கள் செத்த கொழுப்பு அணுவைச் சுற்றிக் கிரீடம் வைத்ததுபோல வளையமாக நின்றன. சாதாரண அணுவைப் போல அதை ஒரே வாயில் விழுங்க முடியாது. உள்ளே இருப்பது தன்னைவிடப் பெரிய எண்ணெய்த் துளி. அதனால் வேலை முடியாமல் நீள்கிறது. நீளும் வரை டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் இன்டர்லூகின்-6-ம் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன.

எந்த இடத்துக் கொழுப்பு என்பதும் முக்கியம். தொடையிலும் இடுப்புக்குக் கீழும் சேரும் கொழுப்பு ஒப்பீட்டளவில் சாது. குடலைச் சுற்றி, தோலுக்கு வெகு ஆழத்தில் சேரும் கொழுப்புதான் வம்புக்காரன். அங்கிருந்து கிளம்பும் ரத்தம் உடம்பெல்லாம் சுற்றிவிட்டு வருவதில்லை, போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வந்த மிகப் பருமனான 25 பேரிடம் அறுவையின்போதே போர்ட்டல் சிரையிலிருந்தும் கைத் தமனியிலிருந்தும் ரத்தம் எடுத்தார்கள். இன்டர்லூகின்-6 அளவு போர்ட்டல் சிரையில் சுமார் 50 சதவீதம் அதிகம். அது கூடுதலாக இருந்தவர்களிடம் சிஆர்பியும் கூடுதலாக இருந்தது.

ஆக, ரிப்போர்ட்டில் இருந்த அந்த 6.4 எங்கிருந்து வந்தது என்பதற்கான பாதை இதுதான்: விரிந்த கொழுப்பு அணு, அங்கே கூடிய விழுங்கணுக்கள், அவை அனுப்பும் தூது, கல்லீரல், சிஆர்பி.

'நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி?'

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு புகழ்பெற்ற புகைப்படம் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. படத்தில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நிற்கிறார்கள். ஒருவர் புனே கேஇஎம் மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக். இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கின். கொழுப்பிலிருந்து இன்டர்லூகின்-6 வருகிறது என்று 1997-ல் காட்டிய குழுவில் இருந்தவரும் இந்த யுட்கின்தான்.

இருவரின் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு, புள்ளி பிசகாமல் 22.3. வெளித்தோற்றத்திலும் இருவருமே ஒல்லி. ஆனால் உடல் கொழுப்பை ஸ்கேன் செய்து பார்த்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். இருவர் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து 'ஒய்-ஒய் முரண்' என்று மருத்துவர்கள் இன்றும் குறிப்பிடுவது இதைத்தான்.

தெற்காசியர்களின் உடல்வாகு இப்படித்தான் இருக்கிறது: கை, கால் மெலிவு, தசை குறைவு, வயிறு மட்டும் முன்னால். நெல் குதிர் சின்னதாக இருந்தால் மிச்ச மூட்டையைத் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் அடுக்கும் கதைதான். தோலுக்கடியில் சேமிக்க இடம் போதாமல் கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் போய்ச் சேர்கிறது. இதனால்தான் உலக அளவில் பிஎம்ஐ 25-ஐத் தாண்டினால் அதிக எடை, 30 என்றால் உடல் பருமன் என்று இருக்க, இந்திய மருத்துவர்கள் 2009-ல் ஒருமித்து 23, 25 என்று எல்லையைக் குறைத்தார்கள். இடுப்புச் சுற்றளவுக்கும் தனி எல்லை: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒருங்கிணைத்து, 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் இந்த வித்தியாசம் எண்ணாகவே தெரிகிறது. பிஎம்ஐ கணக்கில் உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம். தொப்பையை மட்டும் அளந்தால் 39.5 சதவீதம். எடை மெஷின் 'நார்மல்' என்று சொல்லி அனுப்பிவைத்த பலரை இஞ்சு டேப் பிடித்துக்கொடுக்கிறது.

அதே அறக்கட்டளையின் டாக்டர் வி.மோகன் குழு, சென்னைவாசிகளிடம் சிஆர்பியை அளந்து 2005-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. உடல் கொழுப்பு கூடக்கூட சிஆர்பியும் கூடியது. நீரிழிவும் இதய நோயும் உள்ளவர்களிடம் அது மேலும் உயர்ந்திருந்தது.

இடுப்பை அளப்பதில் ஒரு சின்ன விஷயம். பேன்ட் சைஸ் கணக்கு இதற்கு உதவாது. தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டும் பழக்கத்தில் 34 சைஸ் பேன்ட்டே பத்து வருஷமாகப் பொருந்திக்கொண்டிருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்நுனிக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் டேப்பைச் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்து ஏமாற்றினால் நஷ்டம் நமக்குத்தான்.

சர்க்கரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இன்சுலின் ஓர் அணுவின் கதவைத் தட்டும்போது, உள்ளே செய்தியைக் கடத்த ஒரு சங்கிலி இருக்கிறது. டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருட்கள் அந்தச் சங்கிலியின் ஆரம்பக் கண்ணியிலேயே முட்டுக்கட்டை போடுகின்றன. இன்சுலின் இருந்தும் வேலை நடக்காது. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்கப் பார்க்கும். ஒரு கட்டத்தில் அதுவும் முடியாமல் போகும்போது, ரிப்போர்ட்டில் சர்க்கரை ஏறுகிறது.

இது நோய் வெளியே தெரிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் ஆரோக்கியமாக இருந்த பெண்களின் ரத்தத்தைச் சேமித்து வைத்து, பின்னாளில் யாருக்கு நீரிழிவு வந்தது என்று பார்த்த ஆய்வு 2001-ல் வெளியானது. நீரிழிவு வந்தவர்களிடம் ஆண்டுகளுக்கு முன்பே சிஆர்பியும் இன்டர்லூகின்-6-ம் உயர்ந்திருந்தன. ஃபேட்டி லிவர், சினைப்பை நீர்க்கட்டி, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறட்டை நோய் ஆகியவற்றிலும் சிஆர்பி கூடுதலாக இருப்பதைப் பார்க்க முடியும். இவை அனைத்துக்கும் தொப்பை பொதுவான கூட்டாளி.

அப்போ சிஆர்பியைக் குறைக்க ஒரு மாத்திரை போதுமே?

நெருப்பில்லாமல் புகையாது. சிஆர்பி புகை. புகையை மட்டும் விசிறி விட்டால் நெருப்பு அணைந்துவிடுமா?

மரபணு ஆய்வுகள் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தன. பிறப்பிலேயே சிஆர்பி கொஞ்சம் அதிகமாகச் சுரக்கும் மரபணு அமைப்பு சிலருக்கு உண்டு. சிஆர்பியே குற்றவாளி என்றால் அவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுபக்கம், எடை கூடும் மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு சிஆர்பியும் கூடியது. சிஆர்பி கூடுவதால் எடை கூடவில்லை. எது முன்னால், எது பின்னால் என்பது இதில் ஓரளவு தெளிவாகிவிட்டது.

அதற்காக அழற்சியே நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சிஆர்பி 2 அல்லது அதற்கு மேல் இருந்த 10,061 பேரிடம் கேனகினுமாப் என்ற ஊசி மருந்தைச் சோதித்தார்கள். இன்டர்லூகின்-6-க்கும் முந்தைய படியில் இருக்கும் இன்டர்லூகின்-1 பீட்டாவை அது தடுக்கும். கொலஸ்ட்ரால் துளியும் குறையவில்லை. ஆனாலும் 150 மில்லிகிராம் அளவில் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. 2017-ல் வெளியான இந்த முடிவு, இதய நோயில் அழற்சிக்குத் தனிப் பங்கு உண்டு என்பதை உறுதியாக்கியது.

விலை? பணத்தில் மட்டுமல்ல, உயிரிலும் கொடுக்க வேண்டியிருந்தது. கிருமித்தொற்றால் இறப்பவர்களின் எண்ணிக்கை ஊசி போட்டவர்களிடம் கூடியது. புதிதாக நீரிழிவு வருவதையும் அது தடுக்கவில்லை. இதய நோய்க்கான மருந்தாக அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. அழற்சி என்பது உடம்பின் காவல்படை. தொல்லை தருகிறது என்று அதை மொத்தமாக வீட்டுக்கு அனுப்ப முடியாது.

எடையைக் குறைத்தால் எண் இறங்குமா?

இறங்கும். ஆனால் எப்படிக் குறைக்கிறோம் என்பதில் ஒரு சுவாரஸ்யமான திருப்பம் இருக்கிறது.

2004-ல் உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு லிபோசக்‌ஷன் முறையில் வயிற்றுத் தோலுக்கடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால் சிஆர்பி, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்சுலின் வேலை செய்யும் திறன் எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 10 கிலோ போயும்! குடலைச் சுற்றிய கொழுப்பை அந்தக் குழாய் தொடவே இல்லை. மிச்சமிருந்த அணுக்களும் விரிந்தபடியேதான் இருந்தன. 'ஒரே நாளில் தொப்பை மாயம்' என்று வரும் விளம்பரங்களில் இந்த ஆய்வைப் பற்றி ஒரு வரி போட்டால் நன்றாக இருக்கும்.

இதற்கு நேர்மாறாக, இத்தாலியில் உடல் பருமன் உள்ள 120 பெண்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், காய்கறி, பழம், முழுதானியம், ஆலிவ் எண்ணெய் சேர்ந்த உணவும் நடைப்பயிற்சியும் மேற்கொண்ட பாதிப் பேரிடம் சிஆர்பி, இன்டர்லூகின்-6 இரண்டுமே குறைந்தன. இங்கே ஒவ்வொரு அணுவும் சுருங்குகிறது, ஆழத்துக் கொழுப்பும் கரைகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்குப்படி, எடை ஒரு கிலோ குறைந்தால் சிஆர்பி சராசரியாக லிட்டருக்கு 0.13 மில்லிகிராம் இறங்குகிறது. சின்ன எண்தான். 8 கிலோ குறைத்தால் ஏறக்குறைய ஒரு முழு மில்லிகிராம். சராசரி என்பதால் ஒருவருக்குக் கூடலாம், இன்னொருவருக்குக் குறையலாம்.

எடை பெரிதாகக் குறையாவிட்டாலும் நடப்பதில் பலன் உண்டா? உண்டு. நடக்கும்போதும் ஓடும்போதும் தசைகளிலிருந்தும் இன்டர்லூகின்-6 வருகிறது. அதே பொருள்தான். ஆனால் தொப்பையிலிருந்து சொட்டுச் சொட்டாக நாளெல்லாம் கசிவது வேறு, தசையிலிருந்து அரை மணி நேரம் வந்து நிற்பது வேறு. பின்னது அழற்சியை அடக்கும் வேறு பொருட்களைத் தூண்டிவிடுவதாக டென்மார்க் ஆய்வாளர் பெண்டே பெடர்சன் குழு காட்டியிருக்கிறது.

இப்போது எல்லோரும் பேசும் எடை குறைப்பு ஊசிகளிலும் சிஆர்பி இறங்குகிறது. நீரிழிவு இல்லாத, ஆனால் இதய நோயும் அதிக எடையும் உள்ள 17,604 பேரிடம் செமாக்ளூடைடு மருந்தைச் சோதித்து 2023-ல் வெளியான ஆய்வில், மாரடைப்பு உள்ளிட்ட பாதிப்புகள் 20 சதவீதம் குறைந்தன, சிஆர்பி 38 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இந்தியாவிலும் 2025 முதல் எடை குறைப்புக்கென்றே இவ்வகை ஊசிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. டாக்டர் கண்காணிப்பில் போட வேண்டியவை இவை. சிஆர்பி எண்ணைப் பார்த்து மட்டும் யாரும் இதைத் தொடங்குவதில்லை, தொடங்கவும் கூடாது.

ரத்தசோகையை மறைக்கும் அழற்சி

இஎஸ்ஆர், வெள்ளையணு எண்ணிக்கை, ஃபைப்ரினோஜன் ஆகியவையும் பருமனான உடலில் லேசாகக் கூடி நிற்கும். இவை பெரும்பாலும் தொல்லையில்லாதவை. ஆனால் ஃபெரிட்டின் கதை வேறு. தமிழ்நாட்டுப் பெண்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு கையிருப்பு என்று காட்டும் எண் ஃபெரிட்டின். குறைந்தால் இரும்புச்சத்துக் குறைவு. ஆனால் அழற்சி இருந்தாலும் ஃபெரிட்டின் தானாக ஏறும். அதோடு அழற்சியின்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, குடலிலிருந்து இரும்பு ரத்தத்தில் சேர்வதையும் தடுக்கும். அதாவது உண்மையில் இரும்பு குறைவு, ரிப்போர்ட்டில் மட்டும் 'நார்மல்'.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். ரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம். இரண்டும் ஒரே பெண்ணுக்கு இருப்பது இங்கே சாதாரணம். 'குண்டா இருக்கே, உனக்கு என்ன ரத்தக்குறைவு?' என்று வீட்டில் கேலி செய்வார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கும் எடைதான் காரணம் என்று முடித்துவிடுவார்கள்.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் தனி எல்லை வகுத்தது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 15-க்குக் கீழ் போனால் இரும்புக் குறைவு. அழற்சியோ தொற்றோ இருப்பவர்களுக்கு அந்த எல்லை 70. சிஆர்பி கூடி, ஃபெரிட்டின் 40 என்று இருந்து, சோர்வும் மூச்சு வாங்கலும் இருந்தால், 'நார்மல்' என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாமல் டாக்டரிடம் இரண்டு எண்களையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

எப்போது தொப்பை மீது பழி போடக் கூடாது?

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் தொப்பையின் கணக்கில் எழுதிவிடுவதும் ஆபத்துதான். பருமனாக இருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. எந்த வலியோடு போனாலும் 'எடையைக் குறைங்க' என்ற பதிலோடு திரும்பி வருகிறார்கள்.

சிஆர்பி 10-ஐத் தாண்டி, திரும்பச் சோதித்தாலும் இறங்கவில்லை என்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரம் மடங்காமல் இறுகி இருப்பது, முயற்சி இல்லாமலே எடை குறைவது, மாலை நேரக் காய்ச்சல், வாரக்கணக்கில் இருமல், மலத்தில் ரத்தம் ஆகியவை இருந்தால் எண் 4 ஆக இருந்தாலும்கூடப் பரிசோதனை வேண்டும். ஈறு வீக்கமும் சிஆர்பியை ஏற்றும். புகைபிடிப்பது ஏற்றும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு எந்த நோயும் இல்லாமலே எண் கூடியிருக்கும். கர்ப்ப காலத்திலும் அப்படித்தான்.

சளி, காய்ச்சல் வந்து போன வாரத்திலோ, தடுப்பூசி போட்ட மறுநாளோ, பல் பிடுங்கிய பிறகோ, மாரத்தான் ஓடி முடித்த கையோடோ இந்தப் பரிசோதனை செய்தால் வரும் எண் எதற்கும் உதவாது. உடம்பு சரியாக இருக்கும்போது, இரண்டு வார இடைவெளியில் இருமுறை, முடிந்தால் அதே லேபில் எடுத்து, இரண்டின் சராசரியைப் பார்ப்பதுதான் முறை. இதற்கு வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய அவசியமில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம்.